மூன்று விலைக்கூறும் ஒரு மடிக்கணினியும்

அரச அலுவலகத்துக்கு ஒரு பொருள் வாங்குவதற்கு விதி இருக்கிறது. பாவிக்கப்போகிறவர் தன் தேவையை எழுத்தில் தர வேண்டும். குறைந்தது மூன்று கடைகளில் விலைக்கூறு எடுக்க வேண்டும். தெரிவுசெய்யும் குழுவில், அந்தப் பொருளால் தனக்கென்று ஏதும் ஆகவேண்டியிருக்கும் எவரும் இருக்கக் கூடாது. எனக்குப் பன்னிரண்டு வயதில் எங்கள் வீட்டுக்கு ஒரு கணினி வாங்கியபோது முதல் இரண்டு விதிகளும் பிசகாமல் கடைப்பிடிக்கப்பட்டன. குழுவில் இருந்தவர் அப்பா ஒருவர்தான்.

அப்பா பிரதம எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். சண்டிலிப்பாயில் யாருக்காவது ஓய்வூதியம் இழுபட்டால், காணி உறுதியில் பெயர் பிழைத்தால், எங்கள் படலையைத்தான் திறப்பார்கள். நிதிப் பிரமாணங்கள் அவருக்கு மனப்பாடம். சமையலறையில் தேங்காய் முடிந்தால்கூட அம்மா முற்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அண்ணைக்கும் அவர் அப்படி ஒரு வழி வகுத்து வைத்திருந்தார். எழுதுவினைஞர் பரீட்சைக்கான விண்ணப்பத்தைத் தன் கையாலேயே நிரப்பி அனுப்பினார். அனுமதி அட்டை தபாலில் வந்த கிழமை அண்ணை பாரிசில் இறங்கியிருந்தான். அப்பாவுக்குச் சொல்லாமல் போனவன். அதன்பிறகு அவன் தொலைபேசி எடுத்தால் அம்மாவும் நானும்தான் கதைப்போம். அப்பா பக்கத்துக் கதிரையில் பேப்பர் படிப்பார். பக்கம் திருப்பும் சத்தம் மட்டும் வராது.

எனக்கு அண்ணை என்றால் ஒரு கார்ப் பந்தய விளையாட்டு. போவதற்கு முதல் வருடம் எங்கிருந்தோ ஒரு பழைய கணினியைக் கொண்டுவந்திருந்தான். ஒரே கதிரையில் ஆளுக்குப் பாதியாக இருப்போம். திருப்பங்கள் எல்லாம் அவன் பொறுப்பு. காரைப் பாயவைக்கும், விசைப்பலகையின் அடியில் இருக்கும் நீளக் கட்டை மட்டும் என் பொறுப்பு. "இப்ப அமத்தடி" என்று அவன் சொல்லும்வரை கட்டைக்கு மேலே விரலைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கியிருப்பேன். அவன் போய் இரண்டு மாதத்தில் அந்தக் கணினியும் புகைந்து போனது. அந்தக் கதிரையில் முழுதாக இருந்து பார்த்தேன், அகலம் கூடிப்போயிருந்தது.

அடுத்த வருடம் அண்ணை அம்மாவின் பெயருக்கு எண்பதினாயிரம் ரூபாய் அனுப்பினான். கணினி எனக்கு. "கேம் விளையாடுற மாதிரி மேசைக் கொம்பியூட்டரா வாங்கு. ஞாயிற்றுக்கிழமையிலை நான் இஞ்சை, நீ அங்கை, சேர்ந்து ஓடுவம்" என்றான். அன்றிலிருந்து எனக்கு வாரத்தில் ஒரு நாள்தான் இருந்தது.

அப்பா தேவையை எழுதித் தரச் சொன்னார். படிப்பு, பொது அறிவு, ஆங்கிலம் என்று எழுதிக் கொடுத்தேன். பந்தயத்தை எழுதவில்லை. விண்ணப்பங்களில் உண்மைக் காரணத்தை எழுதுவதில்லை என்பதை அந்த வீட்டில்தான் கற்றிருந்தேன்.

யாழ்ப்பாண நகரில் மூன்று கடைகள் ஏறினோம். மூன்றாவது கடைக்காரர் பொறுமையான மனிதர். "ஐயா, இந்தக் காசுக்கு மேசையிலை வைக்கிறது எண்டால் நல்ல கிராபிக்ஸ் கார்ட் போட்டுத் தருவன். தங்கச்சி கேட்கிற கேம் எல்லாம் ஓடும். லப்டொப் எண்டால் எழுதலாம், படம் பாக்கலாம், அவ்வளவுதான்."

அப்பா மடிக்கணினியைத் தூக்கிப் பாரம் பார்த்தார்.

"உதிலை கமரா எங்கை இருக்கு?"

"மூடியிலையே இருக்கு, ஐயா."

"அப்ப உதைத் தாரும்."

பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். மானிப்பாய் தாண்டும்போது அப்பா காரணங்களை வரிசைப்படுத்தினார். கரண்ட் போனாலும் கொஞ்சநேரம் ஓடுமாம். இடம் பிடிக்காதாம். "அறைக்குள்ளை மேசையோடை ஒட்டிக்கிடக்கிற சாமான் எங்களுக்குச் சரிவராது பிள்ளை. இது எண்டால் விறாந்தைக்கும் கொண்டு வரலாம்." விறாந்தைக்கு அதை ஏன் கொண்டு வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. விறாந்தையில் இருந்தது அப்பாவின் கதிரை.

பந்தய விளையாட்டு அதில் ஏறியது. கார்தான் ஓடவில்லை, நின்று நின்று, படம் படமாக நகர்ந்தது. இரண்டு ஞாயிறு அண்ணை எனக்காக வளைவுகளில் காரை நிறுத்திக் காத்திருந்தான். மூன்றாவது ஞாயிறு உணவகத்தில் வேலைக்கு ஆள் கேட்கிறார்கள் என்றான். பிறகு ஞாயிறுகள் எல்லாம் வேலையாயின, தொலைபேசியும் குறைந்தது.

ஒரு பின்னேரம் அப்பா என்னைக் கூப்பிட்டு, அண்ணைக்கு ஒரு மின்னஞ்சல் அடிக்க வேண்டும் என்றார். காசு அனுப்பியவருக்குக் கணக்குக் காட்டுவது முறையாம். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். விடயம்: கணினிக் கொள்வனவு. பந்தி ஒன்று, பணம் கிடைத்தது. பந்தி இரண்டு, மூன்று விலைக்கூறுகள் பெறப்பட்டன. பந்தி மூன்று, மீதி அம்மாவிடம் உள்ளது. இவை கடகடவென்று வந்தன. நான்காவதுக்கு அவர் எழுந்து முற்றத்தில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தார்.

"நாலு. மேற்படி கணினியில் முகம் பார்த்துக் கதைக்கும் வசதி உண்டு."

"அது அண்ணைக்குத் தெரியும்தானேயப்பா. விடயத்துக்குள்ளையும் வராது" என்றேன். கோபம் எனக்கு இன்னும் ஆறியிருக்கவில்லை.

"வராதுதான். இருக்கட்டும் பிள்ளை."

மறுநாளிலிருந்து காலையும் மாலையும், தபால் ஏதும் வந்ததா என்று விசாரிப்பார். மின்னஞ்சலுக்கும் ஞாயிறு விடுமுறை என்று நினைத்து அன்று மட்டும் கேட்கமாட்டார். ஐந்தாம் கிழமை கேட்பதை நிறுத்தினார். ஆனால் பின்னேரங்களில் மடிக்கணினி விறாந்தையில் திறந்தபடியே இருக்க வேண்டும் என்றார். ஏன் என்றால், காற்றுப் பட வேண்டுமாம்.

பதில் ஒரு நாள் வந்தது. இரண்டே வரி. "அப்பா, கணக்குச் சரி. இந்த ஞாயிறு லீவு எடுத்திருக்கிறன், பின்னேரம் எடுக்கிறன், நீங்கள் முன்னுக்கு இருங்கோ."

என்னைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. எனக்கென்று இருந்த ஒரே நாளையும் அப்பா எடுத்துக்கொண்டுவிட்டார் என்று கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதற்குள் அப்பா, முன்பொருநாள் நான் எழுதிக் கொடுத்திருந்த மின்னஞ்சல் கடவுச்சொல்லைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சைக்கிளில் சந்திக் கடைக்குப் போய் அந்த இரண்டு வரியையும் அச்சிட்டுக்கொண்டு வந்தார். அலுவலகத்துக்கு வரும் கடிதங்களுக்குச் செய்வதுபோல வலது மேல் மூலையில் கிடைத்த திகதியைச் சிவப்பு மையால் எழுதினார். அவருடைய முத்து முத்தான கையெழுத்து அந்த ஒரு வரியில் மட்டும் ஏன் கோணிப்போனது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. கிடைத்தது: யூலை 19.