மெர்ரின் திரும்பக் கேட்ட களிம்பு

மெர்ரின் இறந்த செய்தி செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு வந்தது. எங்கள் ஊரில் பிப்ரவரி கோடைக்காலம், வெயில் இன்னும் இறங்கவில்லை. கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். போனில் பேசியவன் அவள் கணவன் ரஸ்.

"சலூன்ல நின்னபடியே விழுந்துட்டா, லின். தலைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சிருக்கு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

பிறகு சொன்னான்: "ஒரு அம்மாவுக்குத் தலை அலசிட்டு இருந்தாளாம். அவங்க ஈரத்தலையோடயே ஆம்புலன்ஸ்ல கூடப் போயிருக்காங்க."

நாங்கள் ஒருவரையொருவர் தேடிப் பிடித்துக்கொண்ட தோழிகள் அல்ல. எங்கள் ஊரான வில்லங்காவில் ஒரே சமயத்தில் தலைப்பிள்ளை பெற்றவர்களைக் குழந்தைநல நர்ஸ் ஒன்றுசேர்த்து வாரம் ஒரு நாள் உட்காரவைப்பார். ஆறிப்போன தேநீர், பாயில் கிடக்கும் குழந்தைகள், தூக்கம் கெட்ட பெண்கள். அங்கே முதல் நாளே மெர்ரின் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு எழுந்து ஜன்னலோரம் போனாள்.

"கோவிச்சுக்காதடி. உன் மேல சென்ட் வாசன வருது. என் புள்ளைக்கு ஆகாது."

கோபித்துக்கொண்டேன். ஆனால் அன்று அவள் குழந்தையைப் பார்த்தேன். ஹேமிஷின் கன்னமும் முழங்கை மடிப்பும் சிவந்து வெடித்து, சில இடங்களில் ரத்தம் கசிந்திருந்தது. சொறிந்துகொள்ளாமலிருக்கக் கைகளுக்குத் துணியுறை. அடுத்த வாரம் சென்ட் போடாமல் போனேன். அவளாகவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அவள் முடி திருத்துபவள். சாயம் பூசுவதில் கெட்டிக்காரி. மகனின் தோல் தன் கையால்தான் இப்படி ஆனது என்று நம்பினாள். "கல்யாணத்துக்கு முந்தியே இந்தக் கை சாயத்துலயும் பிளீச்சுலயும் ஊறிப்போச்சு. அதே கையாலதான் அவனத் தூக்கறேன்" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டுவாள். டாக்டர் அப்படியில்லை என்றார். அவள் கேட்கவில்லை. வீட்டுக் குளியலறையை ஒரு நாள் முழுக்கக் காலி செய்தாள். ஷாம்பு, சோப்பு, நுரைக்குளியல், ரஸ்ஸின் வியர்வை ஸ்பிரே எல்லாம் வெளியே போயின.

"வாசனைப் பொருள்னு ஒத்த வார்த்தை போட்டிருக்கான். அதுக்குள்ள எத்தனை சாமான் இருக்குன்னு சொல்ல மாட்டேங்கறான். சொல்லாததை நான் ஏன் என் புள்ள மேல பூசணும்?" அந்தக் கேள்வி சரியானது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ரஸ் ஒயின் ஆலையில் வேலை பார்ப்பவன். ஸ்பிரேக்குப் பதிலாக அவனுக்குச் சமையல் சோடா கிடைத்தது. "அக்குள்ல சோடா மாவு, லின். வெயில்ல நின்னா கேக் மாதிரி பொங்கிருவேன். நான் பக்கத்துல போனா பீப்பாயே தள்ளி நிக்குது" என்பான். "அப்பிடியாவது ஒதுங்கி நின்னு வேலையைப் பாருங்க" என்பாள் அவள்.

அவள் வீட்டுச் சந்தின் கோடியில் ட்ரெவர் பாசெட்டின் பாதாம் தோப்பு. திராட்சைக்காக மற்றவர்கள் மரங்களை வெட்டியபோதும் வெட்டாதவர் அவர். பாதாம் எங்கள் ஊருக்குப் பூ, திருவிழா, பிறந்தநாள் கேக் எல்லாமும். அவர் ஆட்டிய எண்ணெயில் தேன்மெழுகைக் கரைத்து, சாமந்தி இதழ் ஊறவைத்து மெர்ரின் ஒரு களிம்பு செய்தாள். ஹேமிஷின் தோல் மெத்தென்று ஆனது. நாங்களே பார்த்தோம், ஆளுக்கொரு புட்டி கேட்டோம். கோடைக்குள் சனிக்கிழமைச் சந்தையில் அவளுக்கென்று ஒரு மேஜை வந்துவிட்டது.

"திங்க முடியாததத் தோல்ல தேய்க்காதீங்க" என்று விரலில் களிம்பைத் தொட்டு நாக்கில் வைத்துக் காட்டுவாள். கூட்டம் சிரிக்கும், வாங்கும்.

ஹேமிஷின் முதல் பிறந்தநாள் ஜூலைக் கடைசியில், குளிர்காலத்தில் வந்தது. தோப்பில் பூ விட்டிருந்தது. மெர்ரினே பாதாம் மாவில் கேக் சுட்டு, நடுவிலிருந்து மெத்தென்ற துணுக்கு ஒன்றைக் கிள்ளி அவன் வாயில் வைத்தாள். நாங்கள் பாடி முடிப்பதற்குள் அவன் உதடு வீங்கியது. உடம்பெல்லாம் தடிப்பு. வாந்தி எடுத்தான். அப்புறம் மூச்சு கீச்சுக் கீச்சென்று இழுத்தது. ஆம்புலன்ஸில் வந்த பெண் தொடையில் ஊசி போட்ட பிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது. அந்த அழுகையைக் கேட்டு மெர்ரின் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "நிச்சயமா அந்தப் பாதாம் எண்ணெய்க் களிம்புதான் இந்த ஒவ்வாமைக்குக் காரணம்னு என்னால சொல்ல முடியாது. ஆனா வாய் வழியா முதல்ல போற சாப்பாட்டுக்கு உடம்பு பழகிக்கும். வெடிச்ச தோல் வழியா தினமும் உள்ள போனா, அதையே எதிரின்னு முடிவு பண்ணிடலாம். தோல் புண்ணா இருக்கற குழந்தைக்குச் சாப்பிடற பொருள் எதையும் தேய்க்கக் கூடாதும்மா."

வீடு திரும்பிய அன்று நானும் அங்கே இருந்தேன். ரஸ் அவளிடம், "இனிமே விக்காம இருந்தாப் போதும், விடு. ஊருக்கெல்லாம் சொல்லி உன்னையே ஏன் சிலுவைல ஏத்திக்கறே?" என்றான்.

"புட்டி அவங்க வீட்டு அலமாரில இருக்கு, ரஸ். இன்னிக்குக் குளிப்பாட்டினதும் எடுத்துத் தேய்ப்பாங்க."

"மறுபடி ஒருத்தரும் உன்னை நம்ப மாட்டாங்க."

"நம்பினதாலதானே தேய்க்கறாங்க."

சனிக்கிழமை சந்தையில் மேஜையைப் போட்டாள். மேலே ஒரு புட்டியும் இல்லை. பலகையில் தன் பேரை எழுதி, நான் விற்ற களிம்பைக் குழந்தைகளுக்குப் போடாதீர்கள், திருப்பித் தாருங்கள் என்று எழுதி வைத்தாள். தன் மகனுக்கு நடந்ததையும் கீழே எழுதியிருந்தாள்.

"என்ன மெர்ரின், மேஜை காலி? எல்லாம் தீந்துபோச்சா?" என்று வந்தவர்கள் பலகையைப் படித்துவிட்டு அப்படியே நின்றார்கள். கார்லி என்ற பெண் கைக்குழந்தையோடு வந்து கத்தினாள்: "நீ சொன்னேன்னுதானே தேய்ச்சேன்!"

"ஆமா. நான்தான் சொன்னேன். உன் குழந்தைக்குத் தோல் எங்கயாவது வெடிச்சிருந்துதா?"

"இல்ல."

"அப்ப அவ்வளவா பயப்படாத. ஆனா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடு."

கார்லி அவளைப் பார்க்காமலே போய்விட்டாள். பிறகு ட்ரெவர் வந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"என் மரத்தை விஷம்ங்கறியா நீ? இந்த ஊரே இந்தக் கொட்டையத் தின்னு வளந்ததும்மா!"

"திங்கறது தப்பில்ல ட்ரெவர். புண்ணுல தேய்ச்சதுதான் தப்பு."

"அதை என் தலைல கட்டாத."

"கட்டல. பலகைல என் பேருதான் இருக்கு, பாருங்க."

அவர் பார்த்தார். திரும்பி நடந்தார். வெகுகாலம் அவளோடு பேசவில்லை. ஆனால் அடுத்த அறுவடையில் அவர் எண்ணெய்ப் புட்டிகளில், குழந்தைகள் தோலுக்கு அல்ல, சமையலுக்கு மட்டும் என்று ஒரு வரி புதிதாக இருந்தது.

புட்டிகள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. எல்லாம் வரவில்லை. சில வீடுகளுக்கு அவளே போய்க் கதவைத் தட்டினாள். ஒரு வீட்டில் முகத்தில் அறைந்தாற்போலச் சாத்தினார்கள். மிச்சமிருந்த குளிர்காலம் முழுக்க அவள் சலூனில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

பழைய சாமான்களுக்கு அவள் திரும்பிப் போகவில்லை. சாயம் போடுவதை விட்டாள். வெட்டுவதும் அலசுவதும் மட்டும், அதுவும் வாசனையில்லாததில். ஹேமிஷுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் வெறும் வெள்ளைக் களிம்பு. முன்பு அவள் கேலி செய்த அதே டப்பா. "எண்ணெய்க் கிணத்துலேர்ந்து வந்த சாமான்டி இது. இதுலதான் ஆறுது. எங்க போய் முட்டிக்கறது?" என்று சிரித்தாள். இயற்கையானதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவள், யாருக்கு, எந்தத் தோலுக்கு, எந்த வயதில் என்றும் கேட்க ஆரம்பித்தாள். அப்படிக் கேட்பது களைப்பான வேலை. அவள் அலுத்து நான் பார்த்ததில்லை.

ஹேமிஷுக்கு இப்போது பதினான்கு. தோல் தேறிவிட்டது, பாதாம் இன்னும் ஆகாது, ஊசியைப் பையில் வைத்துக்கொண்டுதான் போகிறான்.

மறுபடி யாரும் நம்ப மாட்டார்கள் என்று ரஸ் சொன்னது பலிக்கவில்லை. இரண்டு மூன்று வருடங்களில் புதிதாகப் பிள்ளை பெற்றவர்கள் குழந்தைச் சோப்பு, களிம்பு, எண்ணெய் என்று சலூனுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவள் கார்லி, இரண்டாவது பிள்ளைக்காக. மெர்ரின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்து, காகிதப் பட்டை ஒட்டி, உள்ளே இருப்பதை எளிய பேரில் எழுதித் தருவாள். நல்லது, கெட்டது என்று எழுதவே மாட்டாள்.

வியாழக்கிழமை ரஸ்ஸுக்குச் சூப் கொண்டுபோனேன். செவ்வாயிலிருந்து திறந்தே கிடந்த சலூனைப் பூட்டிவிட்டு வரச் சொன்னான். அலசும் தொட்டியின் பக்கத்தில் குழந்தை எண்ணெய்ப் புட்டி ஒன்று நின்றது. யாருடையது என்று தெரியவில்லை. அதில் ஒட்டிய பட்டையில், 'வாசனை சேர்க்கவில்லை. எண்ணெய்:' என்று எழுதியிருக்கிறாள். எந்த எண்ணெய் என்று அவள் எழுதி முடிக்கவில்லை.