புட்டியில் எவ்வளவு இருந்தது

முடிதிருத்தும் கடையும் வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குப் போனதும், இரண்டு வயது மகளைப் பார்த்துக்கொண்டே முடிதிருத்துபவர் கடையை நடத்துவார். வாடிக்கையாளர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘வாயாடி’. கத்திரியைவிட நாக்கு வேகமாக ஓடும்.

அன்று பிற்பகல் வேன் ஓட்டுநர் ஒருவரின் ஒரு கன்னத்தை மழித்து முடித்திருந்தார். உள்ளே மகளின் சத்தம் திடீரென நின்றது. கத்தியை வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தார்.

தரையில் கொசு மருந்து மெஷின் கிடந்தது. அதன் புட்டி குழந்தையின் கையில். திரியைப் பிடுங்கி எறிந்திருந்தாள். வாயில் மண்ணெண்ணெய் போல ஒரு வாடை. முகத்தைச் சுளித்து இருமினாள்.

அவளைக் குப்புறக் கவிழ்த்து வாய்க்குள் விரலை விடப் போனார். பின்னாலேயே வந்திருந்த ஓட்டுநர் அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டிருந்தார்.

“வாந்தி எடுக்க வைக்காதீங்கன்னு நர்ஸ் சொல்றாங்க. நுரையீரலுக்குள்ள போயிடுமாம். புட்டியையும் கையோட எடுத்துட்டு வரச் சொல்றாங்க.”

ஒரு கன்னத்தில் நுரையோடு ஓட்டுநர் வேனை விரட்டினார். வழியெல்லாம் வாயாடி ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையின் நெஞ்சில் கை வைத்து மூச்சை எண்ணிக்கொண்டே வந்தார்.

“புட்டியில எவ்வளவு இருந்துச்சு?” என்றார் டாக்டர்.

வாயாடிக்குத் தெரியவில்லை. புதுப் புட்டி போட்டது போன வாரமா, அதற்கு முந்தின வாரமா? இப்போது கால்வாசி இருந்தது. மீதி உடம்புக்குள் போனதா, அவள் சட்டையில் சிந்தியதா? சட்டையைத் தொட்டார். ஈரம். எவ்வளவு ஈரம் என்று எப்படிச் சொல்வது?

“ரெண்டு வாய் குடிச்சிருந்தாலும் ஆறு மணி நேரம் இங்கயே வச்சுப் பார்க்கணும். இருமலோ மூச்சிரைப்போ வந்தா உடனே கூப்பிடுங்க” என்றார் டாக்டர்.

குழந்தை ஒவ்வொரு முறை இருமும்போதும் அவர் நர்ஸைத் தேடி ஓடினார். நாலாவது முறை நர்ஸே ஒரு நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, “உக்காருங்கண்ணே, நான் இங்கதான் இருக்கேன்” என்றாள்.

செய்தி கேட்டு மனைவி வேலைச் சீருடையோடு வந்தாள். திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றார்.

“பாத்துக்கறேன்னு சொன்னவன் நான்தான். என் தப்புதான்.”

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “இல்லங்க. காலையில போன் சார்ஜ் போட அந்தக் கொசு மெஷினைக் கழட்டித் தரையில வச்சது நான்தான். அப்புறம் எடுத்து வைக்கலாம்னு விட்டுட்டேன்.”

அவள் குழந்தையின் ஈரச் சட்டையைக் கழற்றிவிட்டு, வாயோரத்தையும் கழுத்தையும் துடைத்தாள்.

இரவு எட்டரைக்கு நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதாகச் சொன்னார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: “கொசு மருந்து போடலாம். ஆனா கைக்கு எட்டாத உயரத்துல. ஜன்னலும் கொஞ்சம் திறந்திருக்கணும்.”

குழந்தை தோளிலேயே தூங்கிவிட்டது. படுக்கையில் போட்ட பிறகும் அவர் விளக்கை அணைக்கவில்லை. அவளது சின்ன மார்பு ஏறி இறங்குவதைக் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.