கரண்டு வயர் இல்லாத போன்

தோட்ட ஆபீசின் பதினேழு சாவிகளையும் அழகுமுத்துவை நம்பித்தான் கொடுத்திருந்தார்கள். அழகுமுத்து மட்டும் யாரையும் நம்பியதில்லை. வட்டகொடைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடமாக ஆபீஸ் பியூன். தினமும் கதவைப் பூட்டிவிட்டு ஐம்பது அடி நடப்பார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். பெண்சாதி கறியில் கொஞ்சம் கூடுதலாக மாசிக் கருவாடு போட்டால்கூட, "என்ன விசேஷம்?" என்று கேட்கிற ஆள். குடியிருக்கிற லயத்தில் அவருக்குச் 'சந்தேகம்' என்றே பட்டப்பெயர். அதை வைத்தது யார் என்று அவர் இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருந்தார்.

2007இல் கொழும்புத் தலைமை ஆபீஸ் ஒரு வீடியோ போனை அனுப்பியது. வியாழக்கிழமைதோறும் ஒன்பது மணிக்குத் தோட்டத்து மனேஜர் துரை அதன் முன்னால் உட்கார்ந்து, கொழும்புக்காரர்களோடு முகம் பார்த்துப் பேச வேண்டுமாம். வயர் எட்டிய இடம் கொம்பியூட்டர் கிளாக்கர் ஜீவராணியின் மேசைப் பக்கம் என்பதால் அங்கேயே வைத்தார்கள்.

அழகுமுத்து கண்ட முதல் குற்றம், போனுக்குக் கரண்டு வயரே இல்லை. பின்னால் ஒரே ஒரு நீல வயர் மட்டும்.

"கரண்டு இல்லாம எப்பிடி எரியுது?"

ஹட்டனிலிருந்து வந்திருந்த டெக்னீசியன் சோலைமலை அலுமாரியைத் திறந்து இரண்டு பெட்டிகளைக் காட்டினான். "இந்தச் சின்னப் பெட்டி அந்த நீல வயர் வழியா கரண்டையும் அனுப்பிருதுண்ணே. போன் முழிச்சதும் மொதல்ல தனக்கு ஒரு விலாசம் கேக்கும். அத இந்தப் பெரிய பெட்டி குடுக்கும். அப்பறம் கொழும்புல இருக்கிற மெசின்கிட்ட எம்பேரு என்னா, நம்பரு என்னான்னு கேட்டு வாங்கிக்கும். அதுக்கப்பறந்தான் நாம பேசலாம்."

"யாரும் தொடாமயே கொழும்போட பேசுதா?"

"ஆமாண்ணே."

"அப்ப நாம பேசுறதையும் போய்ச் சொல்லும்."

சோலைமலை சிரித்தான். அன்று சாயங்காலமே அழகுமுத்து மேசை துடைக்கிற துணியை எடுத்து அதன் கமராக் கண்ணை மூடினார்.

ஐப்பசியில் தொல்லை தொடங்கியது. சில காலைகளில் போனின் திரையில் ஒரு வட்டம் சுற்றும், சுற்றும், பிறகு அப்படியே நின்றுவிடும். இரண்டு வியாழக்கிழமை துரை கொழும்பிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். போனில் யாரும் கை வைக்கக்கூடாது என்று உத்தரவு. சோலைமலை ஹட்டனிலிருந்து பஸ் பிடித்து மத்தியானம் வருவான், நீல வயரைக் கழற்றி மாட்டுவான், போன் ஒழுங்காக வேலை செய்யும். இரண்டாம் தரம் அவன் சலித்துப் போய்ச் சொன்னான்: "மெசின்ல கோளாறு இல்ல. யாரோ வயர்ல வேல காட்டுறாங்க."

அழகுமுத்துவுக்கு அது போதும். அந்தக் கண் நாள் முழுக்கப் பார்ப்பது ஜீவராணியை. அவள் போனைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்ததை அவரே இரண்டு தரம் பார்த்திருக்கிறார். தான் துணி போட்டு மூடியது ஏனோ அவர் கணக்கில் வரவில்லை. அவள் பக்கத்துத் தோட்டத்துக் கொழுந்து எடுக்கிறவளின் மகள். வேலைக்கு வந்து ஆறு மாதம், இந்த மாதக் கடைசியில் நிரந்தரமாக்கும் கடிதம் வர வேண்டும். மேசை லாச்சியைத் திறந்தபடி விட்டு, "மாமா, என் பேக்க பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போகிற பிள்ளை.

"நான் சொன்னேன்னு வேணாங்க தொரை," என்று புதன்கிழமை காலையில் அழகுமுத்து ஆரம்பித்தார்.

துரை கேட்டு முடித்தார். "அப்ப இந்த மாசத்தோட அந்தப் புள்ளய நிப்பாட்டுவோம். நாளைக்கு கொழும்புக்கு சொல்றது."

அன்று மூன்று மணிக்கே வானம் இருட்டி இடி இறங்கியது. அழகுமுத்து எப்போதும்போல் எல்லாப் பிளக்கையும் பிடுங்கினார். ஒரு வருடம் மின்னல் விழுந்து ஆபீஸ் டெலிபோன் கருகிப் போனதிலிருந்து அவருக்கு அந்தப் பழக்கம். பூட்டினார். பூட்டின கதவில் ஒரு நூலைப் பசை வைத்து ஒட்டினார். கள்ளத்தைக் கையும் களவுமாகப் பிடிக்க அவரே கண்டுபிடித்த வழி அது.

காலை ஆறரைக்கு நூல் அறுபடாமல் இருந்தது. உள்ளே போய், கைக்கு வந்த வரிசையில் பிளக்குகளை மாட்டி, ஸ்டூலைப் போட்டுப் போனுக்கு முன்னால் உட்கார்ந்தார். வெளிச்சம் வந்தது. வட்டம் சுற்றியது. சுற்றிச் சுற்றி நின்றது.

ஆபீசுக்குள் அவரைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. அழகுமுத்து, போன் நின்ற அந்த இரண்டு வியாழனையும் யோசித்தார். இரண்டுக்கும் முந்தின நாள் இடி. ஓடிப்போய் அலுமாரியைத் திறந்தார். சின்னப் பெட்டி எப்போதோ விழித்துப் போனை எழுப்பிவிட்டிருந்தது. விலாசம் கொடுக்க வேண்டிய பெரிய பெட்டியோ இன்னும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. போன் கேட்ட நேரத்தில் பதில் சொல்ல ஆள் இல்லை. பெரிய பெட்டியின் விளக்கு நிலைக்கும்வரை காத்திருந்து, சின்னதைப் பிடுங்கி மறுபடி மாட்டினார். போனில் பெயரும் நம்பரும் வந்தன.

யாரும் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒன்பது மணிக்கு அந்தப் பிள்ளையின் வேலை போய்விடும்.

ஒன்பது மணிக்குத் திரையில் கொழும்பு ஐயா வந்தார். துரை ஜீவராணியைக் கூப்பிட்டுக் கமராவுக்கு முன்னால் நிற்க வைத்தார். எதற்கென்று தெரியாமல் அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். தேத்தண்ணி கொண்டுவந்த அழகுமுத்து கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"மம தமாய் சேர்," என்று சிங்களத்தில் சொன்னார், தான் மூடி வைத்த அதே கண்ணைப் பார்த்து. பிறகு தமிழில் துரையிடம் சொன்னார்: "நாந்தாங்க தொரை. இடிக்குப் பயந்து பிடுங்கி, காலையில ஒழுங்கு மாறி மாட்டுனது நாந்தாங்க."

துரை அதைச் சிங்களத்தில் எடுத்துச் சொல்ல, கேட்டு முடித்துக் கொழும்பு ஐயாவே சிரித்துவிட்டார். முதலில் பெரியது, பிறகு சின்னது என்று ஒரு மட்டையில் எழுதி அலுமாரியில் ஒட்டச் சொன்னார். கனம் இறங்கிய சந்தோஷத்தில் துரையும் சிரித்தார்.

"அப்ப நீ சரியான ஆளு! இந்தப் புள்ளதான் செய்றதுன்னு நேத்து வந்து சொன்னதும் நீதானே?"

ஜீவராணி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

மாதக் கடைசியில் அவளுக்குக் கடிதம் வந்தது. அன்று மத்தியானம் அவரிடம் வந்து, "என் லாச்சி சாவியக் குடுங்க," என்றாள். மாமா என்ற சொல் இல்லை. அவர் வளையத்திலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தார். அவள் லாச்சியைப் பூட்டிவிட்டு வாசல்வரை போனாள். பிறகு திரும்பி வந்து, ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள்.