ஒரு வரிக்கு ஆதாரம்

நாற்பத்திரண்டு வயதில் பி.எச்டி. என்பது, பள்ளிக்கூடத்தில் ஏழு பீரியட் கத்திவிட்டு வந்து, மிச்சமிருக்கும் உயிரை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுவது. என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நானே போய் மாட்டிக்கொண்டேன். இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து திரும்பி வந்து, வங்கக் கடல் நடுவே நான் வாழும் இந்தத் தீவுகளின் ரப்பர் தோட்டங்களில் குடியேறிய தமிழர்களைப் பற்றியது என் ஆய்வு. என் அப்பாவும் அப்படி வந்தவர்தான்.

மூன்றாம் அத்தியாயம் முழுவதும் ஒரே வரியின் மேல் நின்றது. ‘அவர்கள் விரும்பியே தீவுகளுக்கு வந்தனர்.’ நான் படித்த கட்டுரைகளிலெல்லாம் அந்த வரி இருந்தது. நானும் எடுத்துப் போட்டுவிட்டேன். கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லேண்டில் இருக்கும் என் நெறியாளர் போனில் பிடித்துக்கொண்டார்.

“மேடம், இவர் அவர்கிட்டேருந்து எடுத்திருக்கார், அவர் இன்னொருத்தர்கிட்டேருந்து. முதல்ல சொன்னது யாரு? மாசக் கடைசிக்குள்ள காட்டுங்க. இல்லேன்னா அந்த அத்தியாயம் நிக்காது.”

ஏற்கெனவே இரண்டு முறை காலநீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. மூன்றாவது தர மாட்டார்கள். அந்த அத்தியாயம் போனால் ஆய்வேடே போச்சு.

நூலகப் பட்டியல்களில் தேட உட்கார்ந்தேன். ‘அகதிகள்’ என்று அடித்தால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டியது, ஒன்றும் எங்களைப் பற்றியதில்லை. அரசாங்கக் காகிதத்தில் நாங்கள் அகதிகள் இல்லை, தாயகம் திரும்பியோர். அதை அடித்தால் நான்கே புத்தகங்கள். இன்னொரு நூலகத்தில் தோட்டத் தொழிலாளர் என்ற தலைப்பில் வைத்திருந்தார்கள். வேறொன்றில் வெறும் ரப்பர். மனிதர்களைத் தேடிப் போனவளுக்குப் பால் வடிக்கும் முறைகளைப் பற்றிய கட்டுரைகள் வந்து குவிந்தன. நொந்துபோன பிறகுதான் ஒரு வழி பிடிபட்டது. உருப்படியான ஒரு புத்தகத்தைக் கண்டுபிடித்து, அதற்குப் பட்டியலில் என்னென்ன பொருள் தலைப்புகள் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து, அதே தலைப்புகளால் மறுபடி தேடுவது. இதை முதல் வருடமே யாராவது சொல்லியிருந்தால் என் கண் பாதியாவது பிழைத்திருக்கும்.

அதன்பின் அடிக்குறிப்புகள். ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பு அதற்கு முந்தைய கட்டுரைக்குக் கொண்டுபோனது, அது இன்னும் முந்தையதற்கு. மழை வந்தால் நெட் போய்விடும், திரும்ப முதலிலிருந்து. எல்லோரும் கடைசியில் கைகாட்டியது ஒரு பழைய கள ஆய்வு அறிக்கையை. எல்லோரும் ஒரே பக்க எண்ணைப் போட்டிருந்தார்கள். மெயின்லேண்ட் நூலகங்களின் பட்டியல்களை ஒரு வாரம் சல்லடை போட்டேன். கிடைக்கவில்லை. கடைசியில் போக்கிடமில்லாமல், அபர்டீன் பஜாரிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் வரும் நூலகத்தில் கேட்டேன். பீரோவைத் திறந்து எடுத்துக்கொடுத்தார் அங்கிருந்த நூலகர் அம்மா.

“புரானா, பழைய ரிப்போர்ட்டெல்லாம் இன்னும் ஆன்லைன்ல ஏத்தல மேடம். நேரா வந்து கேட்டிருக்கலாமே.”

அந்தப் பக்கத்தைத் திறந்தால் ஏதோ மழையளவு அட்டவணை. ஒருவரும் அறிக்கையைப் பிரித்தே பார்த்ததில்லை. எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். வரி இருந்தது. கீழே குறிப்பும் இருந்தது. தோட்டத் தொழிலாளி ஒருவருடன் நேர்காணல், படகு ஜெட்டிக்கு மேலே உள்ள தொழிலாளர் வரிசையில் கடைசி லயன் வீடு, தமிழிலிருந்து ஹிந்தியில் சொன்னது அவருடைய பதினான்கு வயது மகள்.

படகு ஜெட்டிக்கு மேலே கடைசி வீடு அப்போது எங்களுடையது. அந்த மகள் நான்.

எல்லாம் ஞாபகம் வந்தது. டெல்லிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், கையில் நோட்டு. விரும்பித்தான் வந்தீர்களா என்று ஹிந்தியில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அப்பா சொன்னார். “எனக்கு வர மனசில்ல. எங்க அண்ணன் என் பேரையும் லிஸ்ட்டுல குடுத்துட்டாரு. திரும்பிப் போக வழி இருந்திருந்தா அன்னைக்கே போயிருப்பேன்.” எனக்குச் சுருக்கென்றது. அப்பா போயிருந்தால் அம்மா ஏது, அந்த வீடு ஏது, நான் ஏது? “மர்ஜி ஸே ஆயே” என்று சொல்லிவிட்டேன். விருப்பப்பட்டுத்தான் வந்தார்கள் என்று. அவர் எழுதிக்கொண்டார். இத்தனை வருடமாக எல்லோரும் அதையே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது நாங்கள் இருக்கும் மரைன் ஹில் வீட்டுக்கு ஏறி வந்தபோது கால் ஓய்ந்திருந்தது. அப்பா தரையில் உட்கார்ந்து கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அப்பா, நோட்டோட ஒரு ஹிந்திக்காரம்மா வந்துச்சே. அன்னைக்கு நீங்க சொன்னத நான் மாத்திச் சொல்லிட்டேன்.”

“தெரியும்.”

“எப்படிப்பா?”

“ஹிந்தி மேஸ்திரிகிட்டத்தானே அத்தன வருசம் வேல செஞ்சேன். பேசத்தான் கூச்சம். கேட்டா புரியாதா?”

“அப்ப ஏன் திருத்தல?”

அவர் கருவாட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

“திரும்பிப் போயிருப்பேன்னு சொன்னதும் ஒன் மொகம் சுருங்கிப் போச்சு புள்ள. அதப் பாத்துட்டு எப்படித் திருத்துறது?”

எனக்கு அழுகை வந்தது. அவமானமா, அலுப்பா, அவர்மேல் இருந்த பிரியமா என்று பிரித்துப் பார்க்கத் தெம்பில்லை. போனில் ரெக்கார்டரைப் போட்டு அவர் முன்னால் வைத்தேன். மறுபடி கேட்டேன். அன்று சொன்னதையே வார்த்தை மாறாமல் சொன்னார். இந்த முறை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அந்த வரியை எடுத்துவிட்டு அத்தியாயத்தைத் திருத்தி எழுதினேன். பழைய அறிக்கையின் மொழிபெயர்ப்பு தவறு, மொழிபெயர்த்த சிறுமி தெரிந்தே மாற்றிச் சொன்னாள் என்று அடிக்குறிப்புப் போட்டு அனுப்பினேன். மறுநாளே நெறியாளரிடமிருந்து பதில் வந்தது. ஒரே வரி, இதற்கு ஆதாரம் என்ன?

என் பெயரை எழுதினேன்.