தேரியில் கேட்ட குரல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். படிப்பவர்கள் சிரித்தால், அது சாமியைப் பார்த்துச் சிரித்ததாகிவிடுமே என்ற பயம்தான்.

யுத்த காலம் அது. தூத்துக்குடியில் எனக்கு மளிகைக் கடை. மதுரையில் பிறந்த என் மனைவி, தேரிக்காட்டின் செம்மணல் மேடுகளைப் பார்க்க ஆசைப்பட்டாள்.

"ஏளா, வந்த காலடியப் பாத்தே திரும்பிரலாம்" என்று கைக்குழந்தையோடு கூட்டிப்போனேன். ஆடிக் காற்று காலடிகளை அழித்துவிட்டது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே சிவப்பு.

"ஊருக்கே வழி சொல்லுவீங்களே! பிள்ளைக்கு நாக்கு வறண்டுபோச்சுங்க" என்று அழுதாள்.

"முருகா" என்றேன்.

தலைக்கு மேலே, பனை உச்சியிலிருந்து கூப்பிடுவதுபோல் ஒரு குரல் கேட்டது. "அண்ணாச்சி, அங்கன போகாதிய! காத்துக்கு முதுகக் காட்டி நடங்க. சுனை இருக்கு."

புழுதியில் ஆள் தெரியவில்லை. சொன்னபடி நடந்தோம். சுனை இருந்தது. உதட்டை நனைத்ததும் பிள்ளை கண் திறந்தான்.

காற்று அடங்கியதும், நன்றி சொல்ல அந்த இடத்துக்கே போனேன். அங்கிருந்த பனைகளெல்லாம் கழுத்துவரை மணலில் புதைந்து, ஓலைகள் என் இடுப்பளவில் ஆடிக்கொண்டிருந்தன. ஏறுவதற்கு ஒரு மரம்கூட இல்லை.

பனையைக் கண்டால் இன்றும் கும்பிடுகிறேன். இதை யாரிடமாவது சொன்னால், அந்தக் குரலுக்கு ஒரு முகத்தைச் சேர்த்துவிடாதீர்கள். நான் கேட்டபடியே சொல்லுங்கள்.