பேய்க்குப் பல் வைத்த கதை

யுத்த காலம். காகிதத் தட்டுப்பாட்டில் சென்னையிலிருந்து படப்பெட்டி மட்டும் வந்தது, சுவரொட்டி வரவில்லை. உத்தமபாளையத்துக்கு வெளியே டூரிங் கொட்டகை போட்டிருந்த முதலாளி, "பேய்ப் படம். நீயே தட்டி எழுதிரு தம்பி" என்றார். மூங்கில் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, ஆள் உயரத்துக்குப் படம் எழுதுவதுதான் என் வேலை. மதுரையில் முறையாக ஓவியம் படித்தவன் நான். அந்தத் திமிரும் கொஞ்சம் உண்டு.

பேய்ப் படத் தட்டி எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பச்சை முகம், விரித்த தலை, கடைவாயில் கோரைப் பல், பின்னால் முழு நிலா, ரத்தம் சொட்டும் எழுத்து. பார்த்தாலே எனக்கு எரிச்சல். பயம் பல்லிலா இருக்கிறது? பாதி திறந்த கதவு, அதன் விளிம்பில் வளையல் போட்ட ஒரு கை. அவ்வளவுதான் எழுதினேன். அந்தக் கையின் நிறத்துக்கே ஒரு பகல் போயிற்று.

முதலாளி கிட்ட நின்று பார்த்தார். தள்ளி நின்றும் பார்த்தார்.

"பேய் எங்கனய்யா?"

"கதவுக்குப் பின்னாடி இருக்கு மொதலாளி."

"பின்னாடி நிக்கிறதுக்கு நீ எதுக்கு?"

மாற்ற நேரமில்லை. தட்டி மாட்டுவண்டியில் ஏறி அனுமந்தன்பட்டிப் பக்கம் சுற்றி வந்தது. படத்தின் பேரும் ஏதோ ஒரு பெண்ணின் பேர். சாயங்காலம் கொட்டகை நிறைந்துவிட்டது. பெருமையாகப் போய் எட்டிப் பார்த்தால், பெண்கள் பக்கம் முழுக்கக் கைக்குழந்தைகள்!

பேய் தோன்றியதும் ஒரே அலறல். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாகப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓர் அம்மாள் வெளியே வந்தார். டிக்கெட் கிழிப்பவர் என்னைக் கைகாட்டிவிட்டார்.

"ஏய்யா, பேய்ப் படம்னா பேயப் போட மாட்டீகளா? வளையல் போட்ட கை கதவத் தெறந்து வாங்கன்னு கூப்புடுது. மருமக வீட்டுக்கு வந்த கதைன்னு நம்பித்தான பிள்ளைகளக் கூட்டியாந்தேன்!"



மறுநாள் கதவை அழித்துவிட்டுப் பச்சை குழைத்தேன். முதலாளி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "பல்லு நீளம் பத்தாது." நீட்டினேன். "மூலையில கதாநாயகி சிரிக்கட்டும்."

"பேயா வர்றதும் அவகதான மொதலாளி?"

"அதுக்கென்ன? ரெண்டுந்தான் இருக்கட்டுமே."

ஒரே பெண், ஒரே தட்டியில், மேலே கோரைப் பல்லோடும் கீழே ரோஜாப்பூவோடும். மானம் போயிற்று.

அன்று வந்தவர்கள் பெரும்பாலும் வாலிபர்கள். படத்திலோ பேய் வெள்ளைச் சேலையில் பவுடர் பூசிக்கொண்டு சும்மா நிற்கிறது. படம் முடிந்ததும் ராயப்பன்பட்டிக்காரர் ஒருவர் முதலாளியை மறித்தார்.

"பல்லு எங்கன? தட்டியில அம்மாம் பெருசாப் போட்டிருக்கீக, படத்துல காணோம். வெட்டிப்புட்டீகளா?"

முதலாளி அசரவில்லை. "பல்லு வெளியிலதான இருக்கு? போயிப் பாருங்கப்பா."

உண்மையாகவே போனார்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தட்டி முன்னால் கூட்டமாக நின்று, "இதுதாய்யா பேயி" என்று திருப்திப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். வெற்றிலை மெல்லும் நேரத்தில் எழுதிய பல் அது.

அடுத்து வந்தது பக்திப் படம். "அசுரனுக்கும் அதே பல்லப் போட்டுரு" என்றார் முதலாளி.  போட்டேன்.