வியாழக்கிழமை எழுந்தருளல்

கோதைநாயகிக்குச் சுருக்கமாக எழுத வராது. 'நாளை விடுமுறை' என்று இரண்டு சொல்லில் முடிகிற சங்கதியை அவளிடம் கொடுத்தால் மூன்று பத்தியாகத் திரும்பி வரும். அதில் ஒரு பத்தி மழையைப் பற்றி இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் நூலகராக இருந்த அவளிடம்தான், சுற்றுவட்டாரத்துச் சின்ன நூலகங்களுக்கெல்லாம் வாராவாரம் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்புப் போடும் வேலை இருந்தது. முன்னால் அதைச் செய்தவர் ஓய்வு பெற்ற அன்று, இனி யார் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் மேசைக்கு அடியில் எதையோ தேடினார்கள். அவள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

உள்ளதைச் சொல்லிவிடுவோம். அவளுக்கு எழுத்தாளராக வேண்டும் என்று ஆசை. கல்லூரி நாளிலிருந்து கதை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினாள். போன வேகத்தில் அவை வீடு திரும்பின. கல்யாணமாகி, மகன் வளர்ந்து வேலைக்குப் போய், தலையும் நரைத்த பிறகு அவளுக்கு வாய்த்த வாசகர்கள் இந்த நூலகர்கள்தான். கரையான் மருந்து எப்போது வரும், பழைய நாளிதழ்களை எப்படிக் கட்டி எடைக்குப் போடுவது, கூரை ஒழுகினால் அலமாரியை எந்தச் சுவரோரம் நகர்த்துவது என்று எழுதக் கிடைத்ததை எல்லாம் அவள் ரசித்து ரசித்து எழுதினாள்.

நடையில் வீட்டு வாசனை வேறு. அவளுடையது தலைமுறை தலைமுறையாக ஆண்டாள் கோயில் கைங்கரியம் செய்த குடும்பம். அந்த வீட்டில் மதிப்பான எதுவும் வெறுமனே வராது, எழுந்தருளும். ஊருக்கெல்லாம் சாமி வீதிக்கு வந்தால்தான் எழுந்தருளல். அவள் வீட்டில் மாமனார் வாங்கிய சாய்வு நாற்காலிகூட எழுந்தருளியதுதான். அந்தப் பழக்கத்தில் ஒருமுறை, 'வரும் திங்களன்று பினாயில் எழுந்தருளும்' என்று அறிவிப்பில் எழுதிவிட்டாள். மாவட்ட அதிகாரிக்கு யாரோ ஓதிவிட்டார்கள். இன்னொரு புகார் வந்தால் வேலை கைமாறும் என்று அவர் தொலைபேசியில் எச்சரித்தார்.

அதைவிட அவளை அரித்த விஷயம் கட்டைவிரல்கள். அறிவிப்பைப் போட்டு அவள் மூச்சு விடுவதற்குள் வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்து விழும். மூன்று பத்தியை அவ்வளவு வேகத்தில் மனிதர்கள் படிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். சித்திரையில் ஒரு நாள் சோதித்தே பார்த்தாள். கரையான் மருந்துக்கும் சுண்ணாம்பு அடிப்பதற்கும் நடுவே, 'இதுவரை படித்தவர்கள் என் அகத்துக்கு வந்து அரைக்கிலோ பால்கோவா பெற்றுக்கொள்ளலாம்' என்று ஒரு வரி சேர்த்தாள். கட்டைவிரல்கள் வந்தன, ஆள் ஒருவரும் வரவில்லை. வாங்கி வைத்திருந்த பால்கோவாவை, சர்க்கரை வியாதிக்காரரான கணவர் கண்ணபிரான் ஒரு வாரம் ரகசியமாகத் தின்று தீர்த்தார்.

இப்படி இருக்கும்போதுதான் ரொம்ப நாளைக்குப் பிறகு புதுப் புத்தகங்கள் வந்து இறங்கின. சந்தோஷத்தில் அவளுக்கு எச்சரிக்கையெல்லாம் மறந்துபோயிற்று. 'புதிய நூல்கள் வியாழன் காலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எழுந்தருளும். வாசல் தெளித்து, கோலமிட்டு, நல்ல முகத்தோடு எதிர்கொண்டு அழைத்து, அட்டை நசுங்காமல் உள்ளே சேர்க்கவும்' என்று எழுதி, கீழே 'இப்படிக்கு, கோதைநாயகி' என்று போட்டு அனுப்பினாள். வழக்கம்போல் கட்டைவிரல்கள் விழுந்தன.

வியாழக்கிழமை வேனில் புத்தகப் பெட்டிகளோடு அதிகாரியும் ஏறிக்கொண்டார். முதலில் வ. புதுப்பட்டி. வண்டி வத்திராயிருப்புச் சாலையில் திரும்பியதும் அவர் தொண்டையைச் செருமினார்.

"மேடம், நீங்க எழுதுறது ரொம்ப நீளம். படிச்சா ஒண்ணும் புரியல. அடுத்த வாரத்துலருந்து ராஜபாளையம் சுந்தரபாண்டியன் போடட்டும்."

சுந்தரபாண்டியன் ராஜபாளையத்து நூலகர், தங்கமான பையன். குழுவில் அவன் இதுவரை எழுதியதில் நீளமானது 'ஓகே சார்'. கோதைநாயகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பத்திரிகைகள் கதையைத் திருப்பி அனுப்பியபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. அப்போது வயது இருந்தது, இன்னொரு பத்திரிகையும் இருந்தது. இந்தக் கரையான் மருந்தையும் பிடுங்கிக்கொண்டால் அவள் எதை எழுதுவாள், யாருக்கு எழுதுவாள்? கண்ணில் நீர் முட்டியது. சாலையில் தூசி என்று சொல்லிக் கைக்குட்டையை எடுத்தாள்.

வ. புதுப்பட்டிக்குள் நுழையும்போதே மேளச் சத்தம் கேட்டது. நூலகத் தெருவில் வாழைமரம் கட்டி, மாவிலைத் தோரணம் தொங்கவிட்டு, தெருவை அடைத்துக் கோலம் போட்டிருந்தார்கள். ஊரே குளித்து, நல்ல துணி உடுத்தி நின்றது. அதிகாரி ஒரு கணம் திகைத்தார். பிறகு பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டு, கும்பிட்டபடி இறங்கினார். கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு போய் வேனுக்குள் எட்டிப் பார்த்தது. உள்ளே அட்டைப் பெட்டிகளும் கைக்குட்டையோடு கோதைநாயகியும் இருந்தார்கள்.

தாம்பாளத்தில் ஆரத்தி கரைத்து வைத்திருந்த வெள்ளத்தாய் என்ற பெண்மணிதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஆண்டாள் அம்மா எங்க?"

கோதைநாயகி அவசரமாக வேனை விட்டு இறங்கினாள். நூலக வாசலில் இருந்த கரும்பலகை அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. 'வியாழன் காலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எழுந்தருளல். எதிர்கொண்டு அழைக்கவும். கோதைநாயகி' என்று முத்துமுத்தான எழுத்தில் எழுதியிருந்தது. அவள் பெயரே ஆண்டாளின் பெயர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கோதைநாயகி எழுந்தருளுகிறாள் என்றால் அந்த ஊர் வேறு யாரை நினைக்கும்?

அதிகாரி முகம் சிவந்து, யார் செய்த வேலை என்று கேட்டார். மேளக்காரருக்குப் பக்கத்திலிருந்து பாண்டிதுரை விறைப்பாக முன்னே வந்தார். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்துவிட்டு வந்து, இப்போது அந்தப் பகுதிநேர நூலகத்தைப் பார்த்துக்கொள்பவர்.

"உத்தரவுல உள்ளபடி செஞ்சிருக்கேன் சார்" என்றார். "போர்டு சின்னது. சுருக்கி எழுதினதுல 'நூல்கள்'ங்கிறதும் 'இப்படிக்கு'ங்கிறதும் விட்டுப்போச்சு. மத்தபடி செய்யச் சொன்னதுல ஒண்ணுகூடக் குறையல."

சொன்னதோடு நிற்கவில்லை. கைபேசியை எடுத்து முழு அறிவிப்பையும் அணிவகுப்பில் ஆணை வாசிப்பதுபோல உரக்க வாசித்தார். வாசல் தெளித்து என்றபோது ஈரமான வாசலைக் காட்டினார். கோலமிட்டு என்றதும் கோலத்தைக் காட்டினார். நல்ல முகத்தோடு என்ற இடத்தில் தன் முகத்தைக் காட்டினார். அது கொஞ்சம் கடுகடுப்பாகத்தான் இருந்தது, ஆனாலும் முயற்சி தெரிந்தது.

கோதைநாயகிக்கு அவமானத்தில் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஆனால் அவமானத்துக்கு அடியில் வேறொன்றும் கிளம்பி வந்தது. அவள் எழுதியதை ஒரு ஊர் முன்னால் ஒருவர் வாய்விட்டு வாசிக்கிறார். ஒரு சொல்லையும் தாண்டாமல் படித்திருக்கிறார். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

வெள்ளத்தாய் தாம்பாளத்தையும் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "எம்புட்டுப் பூ வாங்கியாச்சு, அம்புட்டையும் என்ன செய்ய? புஸ்தகம்னா சரஸ்வதிதான. வந்தது வந்துட்டாக, சுத்துங்க" என்றாள். பெட்டிகளுக்கு ஆரத்தி சுற்றினார்கள். பக்கத்தில் நின்ற பாவத்துக்கு அதிகாரி நெற்றியிலும் ஒரு பொட்டு விழுந்தது. மேளம் முழங்க, புத்தகங்கள் தலைச்சுமையாக உள்ளே போயின. அட்டை ஒன்றுகூட நசுங்கவில்லை. பெட்டியைப் பிரித்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டு, பெரிய எழுத்துள்ள புத்தகமாகக் கேட்டு வாங்கினார்கள்.

அதிகாரி வந்து வேனில் உட்கார்ந்தார். நெற்றிப் பொட்டு வேர்வையில் வழிந்துகொண்டிருந்தது. வண்டி கிளம்பும் நேரத்தில் பாண்டிதுரை ஜன்னலுக்கு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், ஒரு சந்தேகம். குரூப்புல கேக்கக் கூச்சமா இருந்துச்சு. சித்திரை மாச உத்தரவுல, வீட்டுக்கு வந்து பால்கோவா வாங்கிக்கிடச் சொல்லியிருந்தீங்க. வீட்டு முகவரி போடல. அடுத்த உத்தரவுல வரும்னு பாத்துக்கிட்டே இருக்கேன்."

"என்ன பால்கோவா?" என்றார் அதிகாரி.

பாண்டிதுரை விளக்கினார். கரையான் மருந்துக்குக் கீழே, சுண்ணாம்புக்கு மேலே என்று இடமும் சொன்னார். அதிகாரி தன் கைபேசியை எடுத்துப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனார். சித்திரை வந்தது. பால்கோவா வரியும் வந்தது. அந்த அறிவிப்பின் கீழே, கட்டைவிரல் வைத்தவர்களில் முதலாவதாக அவர் பெயரே இருந்தது. கோதைநாயகியும் எட்டிப் பார்த்துவிட்டாள். படித்தால் புரியவில்லை என்று வரும் வழியில் அவர் சொன்னதை அவள் நினைவுபடுத்தவில்லை, அவரும் பேச்சை எடுக்கவில்லை.

வத்திராயிருப்பு தாண்டியபிறகு, "சுந்தரபாண்டியனுக்கு ராஜபாளையத்துலயே வேலை சரியா இருக்கும்" என்றார் அதிகாரி. நெற்றிப் பொட்டைத் துடைத்துக்கொண்டு, "நீங்களே எழுதுங்க மேடம். பினாயிலுக்கு மட்டும் 'வரும்'னு போடுங்க" என்றார்.

பாண்டிதுரைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையே அரைக்கிலோவுக்குப் பதிலாக ஒரு கிலோ பால்கோவா கிடைத்தது. கண்ணபிரான் அதை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். 'உத்தரவுப்படி பால்கோவா பெற்றுக்கொண்டேன்' என்று பாண்டிதுரை குழுவிலும் பதிவு செய்துவிட்டார்.

மறுவாரம் கோதைநாயகி அறிவிப்பை எழுதினாள். பினாயில் வரும் என்றுதான் போட்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு. மற்றபடி மூன்று பத்தி, அதில் ஒன்று மழை. அனுப்பிவிட்டுக் கைபேசியைப் பார்த்தபடி இருந்தாள். ஒரு கட்டைவிரலும் வரவில்லை. காபி கலந்து குடித்து முடித்தாள், அப்போதும் இல்லை. ஏதோ தப்பாகப் போய்விட்டது என்று அறிவிப்பைத் திறந்து இன்னொரு முறை படித்துப் பார்த்தாள். பினாயில் கோபித்துக்கொண்டதோ என்றுகூட நினைத்தாள்.

அப்போது சுந்தரபாண்டியனிடமிருந்து, அவன் ஆயுளிலேயே நீளமான செய்தி வந்தது.

"அக்கா, கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டேன். பால்கோவா எங்கயும் இல்லையே."